உரத்துப் பேசும் எழுத்துக்கள்

எமது நூல் விமர்சனங்களில் அட்டை பற்றிப் பேசப்படுவது மிகக் குறைவு. கடைசிப் பந்தியில் ‘அட்டைப்படம் கருத்தைக் கவர்கிறது, அச்சமைப்பு நேர்த்தியாக உள்ளது’ என்று ஒரு வரி வரும். அத்தோடு கடமை முடிந்துவிடும். நூலின் பெயர் எந்த வகை எழுத்தில் இடப்பட்டிருக்கிறது, அந்த எழுத்து வாசகனோடு எந்தத் தொனியில் பேசுகிறது என்ற கேள்வி எழுவதேயில்லை. ஆனால் ஒரு கவிதைத் தொகுதியில் நாம் முதலில் வாசிப்பது அட்டையில் உள்ள இரண்டு மூன்று சொற்களைத்தான். அச்சொற்களை எழுத்தின் குரலிலேயே கேட்கிறோம்.

இக்கட்டுரை ஒரேயொரு வகை எழுத்தைப் பற்றியது. தடித்தது, ஒடுங்கியது, வலப்பக்கம் சாய்ந்தது, கோடுகளின் முனைகளில் எந்த அலங்காரமும் இல்லாதது. ஆங்கிலத்தில் இதை எல்லோரும் கண்டிருப்போம். விளையாட்டுக் காலணிப் பெட்டிகளில், மலிவு விற்பனைப் பதாகைகளில், லொறிகளின் பக்கங்களில், ஆங்கில சினிமாச் சுவரொட்டிகளில் இதுவே நிற்கிறது. நிற்கிறது என்பதைவிட ஓடுகிறது என்பதே பொருத்தம். இந்த எழுத்தையே தனது கலையின் மொழியாக்கியவர் அமெரிக்கக் கலைஞரான பார்பரா குரூகர். அவர் இதைக் கொண்டு என்ன செய்தார் என்பதைப் பார்த்த பின்னர், தமிழில் நாம் என்ன செய்கிறோம் என்பதற்கு வரலாம்.

இந்த எழுத்தின் மூன்று குணங்களும் ஒரே வீட்டில் பிறந்தவையல்ல. சாய்வு மிக மூத்தது. 1501 இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற அச்சாளர், பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்ந்த எழுத்தில் வேர்ஜிலின் கவிதைகளைக் கையடக்கப் பதிப்பாக வெளியிட்டார். அது படித்தவர்களின் கையெழுத்தைப் பின்பற்றிய எழுத்து. கத்துவதற்காக அல்ல, தனிமையில் அமைதியாக வாசிப்பதற்காகச் செய்யப்பட்டது. நிமிர்ந்த எழுத்தின் நடுவே ஒரு சொல்லை மட்டும் சாய்த்து அழுத்தம் கொடுக்கும் வழக்கம் பிற்பாடு வந்தது. முனைக்கோடற்ற எழுத்து, அதாவது அச்சுத் தொழிலில் ‘சான்ஸ் செரிப்’ எனப்படுவது, லண்டனில் வில்லியம் கஸ்லோன் வார்ப்பகத்தின் 1816 ஆம் ஆண்டு மாதிரிப் புத்தகத்தில் ஒரேயொரு வரியாகத் தோன்றியது. வெறும் தலைப்பெழுத்துக்கள் மட்டுமே. தடிப்பும் ஒடுக்கமும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுவரொட்டியின் பிள்ளைகள். 1827 இல் அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்து வெட்டும் இயந்திர முறையைக் கண்டார். ஈயத்தில் வார்க்க முடியாத அளவுக்குப் பெரிய எழுத்துக்கள் மலிவாகக் கிடைத்தன. தாளின் அகலம் மாறாது, சொல்லோ நீளமானது, எழுத்து உயரமாகவும் இருக்க வேண்டும். அப்படியென்றால் எழுத்தை ஒடுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. சர்க்கஸ் வருகிறது, குதிரை களவு போய்விட்டது, ஏல விற்பனை நடக்கிறது: இவைதான் அந்த எழுத்துச் சொன்ன முதற் செய்திகள்.

ஆகவே அமைதியான வாசிப்பின் சாய்வும் சந்தையின் தடிப்பும் ஒன்றாய்ச் சேர்ந்து பிறந்த எழுத்து இது. சேர்ந்தபோது சாய்வு தன் பழைய அமைதியை இழந்து வேகத்தின் அடையாளமாயிற்று.

குரூகர் தெரிவு செய்தது பியூச்சரா என்ற எழுத்தின் தடித்த, சாய்ந்த வடிவத்தை. பியூச்சராவை வரைந்தவர் ஜேர்மனியரான போல் ரென்னர். பிராங்பேர்ட் நகரின் பௌவர் வார்ப்பகம் 1927 இல் அதை வெளியிட்டது. வட்டம், முக்கோணம், நேர்கோடு என்ற அடிப்படை வடிவங்களிலிருந்து எழுத்தை மீளக் கட்ட முயன்ற காலம் அது. ரென்னர் 1932 இல் நாஸிகளின் கலாசாரக் கொள்கையைக் கண்டித்துச் சிறு நூலொன்று எழுதினார். மறு ஆண்டே கைதாகி, தான் தலைமை வகித்த மியூனிக் அச்சுக்கலைப் பாடசாலையிலிருந்தும் நீக்கப்பட்டார். நாஸிகள் முதலில் போற்றியது பழைய ஜேர்மனிய முறுக்கெழுத்தைத்தான். பின்னர் 1941 ஜனவரி 3 ஆம் திகதிய சுற்றறிக்கையில் அதையே ‘யூத எழுத்து’ என்று சொல்லித் தடை செய்தார்கள். எழுத்துக்குப் பிறவி அரசியல் எதுவும் இல்லை, ஏற்றப்படும் அரசியலே உண்டு என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை. பியூச்சராவின் பிற்கால வரலாறும் இதையே சொல்கிறது. 1969 இல் சந்திரனில் விட்டுவரப்பட்ட தகட்டில் இருப்பது பியூச்சரா. வொக்ஸ்வேகன் காரை விற்றதும் பியூச்சரா. நைக்கி காலணியின் பெயரெழுத்தும் அதன் தடித்த, ஒடுங்கிய, சாய்ந்த வடிவத்திலிருந்து வந்ததே.

பார்பரா குரூகர் 1945 இல் நியூ ஜேர்சி மாநிலத்தின் நியூவார்க்கில் பிறந்தவர். 1960களின் பிற்பகுதியில் நியூயோர்க்கில் பெண்கள் சஞ்சிகையொன்றில் பக்க வடிவமைப்பாளராக வேலை செய்தார். இந்தத் தொழில் அனுபவமே அவரது கலை என்று சொன்னால் மிகையாகாது. படத்தை எங்கே வெட்டுவது, சொல்லை எங்கே வைப்பது, எந்த எழுத்து வாசகியின் கண்ணைப் பிடித்து நிறுத்தும் என்பதை அவர் கலைக்கூடத்தில் கற்கவில்லை, சம்பளத்துக்காகக் கற்றார். 1980களில் பழைய சஞ்சிகைகளிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களின் மேல் சிவப்புப் பட்டைகளை வைத்து, அவற்றில் வெள்ளை நிறத்தில் ஓரிரு வரிகளை இட்டார். 1981 ஆம் ஆண்டுப் படைப்பில் ஒரு பெண் சிலையின் பக்கவாட்டு முகம். அருகே, உன் பார்வை என் கன்னத்தில் வந்து மோதுகிறது என்ற பொருளில் ஒரு வாசகம். 1987 இல் வந்தது, நான் கடைக்குப் போகிறேன் ஆதலால் இருக்கிறேன் என்ற பொருளிலான புகழ்பெற்ற கிண்டல். 1989 இல் பெண்களின் இனப்பெருக்க உரிமைக்காக வொஷிங்டனில் நடந்த பேரணிக்கு அவர் செய்த சுவரொட்டி, ஒரு பெண் முகத்தை நடுவே பிளந்து ஒரு பாதியைப் புகைப்படமாகவும் மறுபாதியை அதன் எதிர்ப்பிரதியாகவும் காட்டுகிறது. உன் உடல் ஒரு போர்க்களம் என்பது அதன் செய்தி.

இவ்வாசகங்களை வேறு எழுத்தில் இட்டுப் பார்த்தால்தான் குரூகரின் கெட்டித்தனம் விளங்கும். முனைக்கோடுள்ள மெல்லிய புத்தக எழுத்தில் இட்டால் அவை கவிதை வரிகளாகிவிடும். வாசகர் அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். கையெழுத்தில் இட்டால் தனியொருவரின் முறைப்பாடு. தடித்த சாய்ந்த எழுத்தில் அவை கட்டளையாக வந்து விழுகின்றன. விளம்பரம் நாள் முழுக்க எமக்கு இடும் கட்டளையின் அதே குரல். பழக்க தோஷத்தால் நாம் கீழ்ப்படியத் தொடங்குகிறோம். பாதி வழியில்தான் அந்தக் குரல் எதையும் வாங்கச் சொல்லவில்லை, வாங்கும் எம்மையே விசாரிக்கிறது என்று தெரிகிறது. எதிரியின் ஒலிபெருக்கியைப் பறித்து எதிரியைப் பற்றியே பேசுவது போன்றது இது. 2012 இல் வொஷிங்டனின் ஹிர்ஷோர்ன் நூதனசாலையின் கீழ்த்தளத்தில் சுவர், தரை, நகரும் படிக்கட்டு எல்லாவற்றையும் இத்தகைய எழுத்துக்களால் மூடினார். அங்கே வாசகர் எழுத்தை வாசிப்பதோடு நிற்கவில்லை, அதன் மேல் நடந்தும் போனார்.

குரூகரின் வாசகங்களில் பெயர்ச்சொற்களைவிட ‘நான்’, ‘நீ’, ‘நாம்’ என்பவையே அதிகம் வேலை செய்கின்றன. தமிழ் வாசகர் இங்கே ஒரு சிக்கலை உடனே காண்பார். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். அது ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, பெரியவரா சிறியவரா என்று காட்டிக்கொடுப்பதில்லை. அந்த மறைப்பில்தான் குரூகரின் விளையாட்டு இருக்கிறது. தமிழில் ‘நீ’ என்றால் ஒன்று, ‘நீர்’ என்றால் இன்னொன்று, ‘நீங்கள்’ என்றால் முற்றிலும் வேறு. தன்மைப் பன்மையிலோ இன்னும் கறாரான வேலி உண்டு: கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. 1983 இல் அவர் செய்த ஒரு படைப்பு, உங்கள் பண்பாட்டுக்கு இயற்கையாக வேடம் கட்ட மாட்டோம் என்று பெண்களின் குரலில் ஆண்களுக்குச் சொல்கிறது. தமிழில் அது ‘நாங்கள்’ என்றே வர முடியும். ஆங்கிலத்தில் அந்த வாசகத்தின் முன் நிற்கும் ஆண் ஒரு கணம் தானும் அந்தப் பன்மைக்குள் இருப்பதாக எண்ணி, அடுத்த சொல்லில் வெளியே தள்ளப்படுகிறான். தமிழில் அவன் முதற் சொல்லிலேயே வெளியேதான். எது வலியது என்பது வேறு விவாதம்.

குரூகரின் பாணி நெடுநாள் அவருடையதாக மட்டும் இருக்கவில்லை. 1994 இல் நியூயோர்க்கில் ‘சுப்ரீம்’ என்ற பெயரில் சறுக்குப்பலகை இளைஞர்களுக்கான கடையொன்று தொடங்கப்பட்டது. அதன் சின்னம் சிவப்புப் பெட்டிக்குள் வெள்ளை நிறத்தில் தடித்துச் சாய்ந்த பியூச்சரா. எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 2013 இல் அதே நிறுவனம், தன் சின்னத்தைக் கேலிசெய்து பெண்களுக்கான சட்டை விற்ற சிறு நிறுவனமொன்றின் மேல் 1 கோடி டொலர் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. கருத்துக் கேட்கப்பட்டபோது குரூகர் இரு தரப்பையும் கடுமையாகப் பரிகசித்துச் சில வரிகள் எழுதினார்; வழக்குப் போடவில்லை. 2017 இல் நியூயோர்க் கலை விழாவொன்றுக்காகச் சறுக்குப்பலகை மைதானமொன்றைத் தன் எழுத்துக்களால் நிரப்பினார். 2020 இல் சுப்ரீம் ஏறத்தாழ 210 கோடி டொலருக்குக் கைமாறியது. 2024 இல் 150 கோடிக்கு மீண்டும் விற்கப்பட்டது. நுகர்வைக் கேலி செய்யப் பறிக்கப்பட்ட எழுத்து, நுகர்வின் மிக விலையுயர்ந்த சின்னங்களில் ஒன்றாயிற்று. இதைக் குரூகரின் தோல்வி என்று சில விமர்சகர்கள் காண்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கடன் வாங்கியதைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் கடைக்காரரால் எடுக்க முடிந்தது எழுத்தையும் நிறத்தையும் மட்டுமே. வாசகத்தை அவர் எடுக்கவில்லை. ஒரேயொரு சொல்லை வைத்துக்கொண்டார், அதுவும் ‘உன்னதம்’ என்ற தற்புகழ்ச்சி.

இனித் தமிழுக்கு வருவோம். சாய்வெழுத்து எமக்கு அழுத்தம் கொடுக்கும் கருவியாக ஏன் தேவைப்படவில்லை என்று யோசித்தால், விடை இலக்கணத்திலேயே இருக்கிறது. ஆங்கில அச்சாளர் ‘அவன்’ என்ற சொல்லைச் சாய்த்துக் காட்டும் இடத்தில் நாம் ‘அவனே’ என்கிறோம். தேற்றம், பிரிநிலை என்று தொல்காப்பியம் முதல் பேசப்படும் ஏகாரம், சாய்வெழுத்தின் வேலையை ஓர் உயிர்க்குறியிலேயே முடித்துவிடுகிறது. அதற்கு மேலும் அந்தச் சொல்லைச் சாய்ப்பது சோற்றுக்கு மேல் சோறு.

அரபெழுத்தோடு பழகிய எமது வாசகர்களுக்கு இன்னொரு ஒப்பீடும் கைவசம் உண்டு. அரபு ஏட்டுப் பிரதிகளில் முக்கியமான சொல்லைச் சிவப்பு மையால் எழுதினார்கள், மேலே கோடிட்டார்கள், அல்லது பெரிதாக எழுதினார்கள். இடம் நிரப்ப எழுத்தைப் பிடித்து இழுக்காமல், ‘கஷீதா’ என்ற முறையில் எழுத்துக்களை இணைக்கும் கோட்டை நீட்டினார்கள். பாரசீகத்தில் வளர்ந்த நஸ்தலீக் தன் இயல்பிலேயே சரிந்திறங்கும் எழுத்து. மேற்கத்தியச் சாய்வுக்கு நிகரான ஒன்று பாரசீக அச்சுக்கும் வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டில் கருதிய அறிஞர் குலாம் ஹுசைன் முஸாஹிப், வலப்பக்கச் சாய்வை அப்படியே எடுக்கவில்லை. வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து இடப்பக்கமே சாய வேண்டும் என்று கண்டு ‘ஈரானிக்’ என்ற வடிவத்தை வகுத்தார். அது எவ்வளவு பரவியது என்பதைவிட, கடன் வாங்குமுன் அவர் ஒரு கணம் நின்று யோசித்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நாம் அவ்வாறு நிற்கவில்லை. ஈய எழுத்துக் காலத்தில் அட்டைத் தலைப்பை ஓவியர் கையால் எழுதி, அதைப் புளொக் செய்து அச்சடித்தார்கள். அவர் எழுத்தை ஒடுக்கினால் ஒவ்வொரு வளைவையும் ஒடுங்கிய இடத்துக்கேற்ப மீள வரைந்தார். கணனி வந்தபின், பாமினி போன்ற ஓர் எழுத்துருவைத் தெரிந்து, ஒரு பொத்தானை அமுக்கித் தடிப்பாக்கி, இன்னொன்றை அமுக்கிச் சாய்த்து, பக்கவாட்டில் பிடித்து நெரித்துவிட்டால் தலைப்புத் தயார்.

நெரிக்கும்போது என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது ரசனை பற்றிய விடயம் மட்டுமல்ல. எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கினால் நிமிர்ந்த கோடுகள் மெலிகின்றன. கிடைக்கோடுகள் முன்போலவே தடிப்பாக இருக்கின்றன. ‘ப’ வின் இரு கால்களும் மெலிந்து அடிக்கோடு மட்டும் பருத்துப்போகிறது. கணனி கொண்டு சாய்த்தாலோ, வட்டத்தின் வலது மேல் மூலையும் இடது கீழ் மூலையும் பருக்க, மற்ற இரு மூலைகளும் இளைக்கின்றன. இலத்தீன் எழுத்தில் நல்ல வடிவமைப்பாளர் இதைக் கண்ணால் பார்த்துத் திருத்தி வரைந்த பின்னரே தடித்த ஒடுங்கிய சாய்வெழுத்து என்று ஒன்றை வெளியிடுகிறார். தமிழில் இந்த வேலை இன்னும் கடினமானது. இலத்தீன் எழுத்தில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ உள்வெளிகள்தான். எமது ‘ண’ வுக்கு மூன்று சுழி, ‘ன’ வுக்கு இரண்டு. தடிப்பாக்கி நெரித்தால் மூன்று சுழியும் மையால் அடைபட்டு இரண்டாகத் தோன்றும். மணம் மனமாகும், பணி பனியாகும், ஆணை ஆனையாகும். நான் போயிருந்த நூல் வெளியீடொன்றில் தலைமை தாங்கியவர் அட்டையைப் பார்த்து நூலின் பெயரிலிருந்த ‘மணம்’ என்பதை ‘மனம்’ என்றே வாசித்தார். கவிஞர் தனது ஏற்புரையின் முதல் இரண்டு நிமிடத்தை அதைத் திருத்துவதில் செலவிட வேண்டியதாயிற்று. சபை சிரித்தது. கவிஞர் சிரிக்கவில்லை.

கவிதை நூலில் இது ஒரு சங்கடம். பொதுப் பலகையில் அது வேறொன்றாகிறது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது; அதன்படி எழும் மும்மொழிப் பலகைகளைக் கவனியுங்கள். தமிழ்ச் சொற்றொடர் பெரும்பாலும் மூன்றிலும் நீளமானதாக இருக்கும். பலகையின் அகலமோ ஒன்றுதான். ஆகவே பல இடங்களில் தமிழ் வரி மட்டும் நெரிக்கப்பட்டு, தூரத்திலிருந்து பார்க்கும்போது கறுப்புப் பூச்சிகளின் வரிசை போல் நிற்கிறது. பலகைகளில் வரும் எழுத்துப் பிழைகளை எம்மவர் படம்பிடித்துப் பத்திரிகைகளுக்கு அனுப்புகிறார்கள், அது நல்லதே. பிழையே இல்லாமல் எழுதப்பட்டும் வாசிக்க முடியாமல் போன வரிகளை யாரும் படம்பிடிப்பதில்லை. ஒடுங்கிய தமிழெழுத்தை ஒழுங்காக வரைவது அழகியல் ஆடம்பரம் என்று சொல்பவர்கள் அந்த வரிகளை ஓடும் பஸ்ஸிலிருந்து வாசித்துப் பார்க்கட்டும்.

நிலைமை மாறாமலில்லை. கடந்த சில ஆண்டுகளில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களின் தரம் வெகுவாக உயர்ந்துள்ளது. பிரியா ரவிச்சந்திரனின் ‘கட்டமரன்’ மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது நிலைகளில் வரையப்பட்டது. 2022 இல் இந்தியாவின் ‘ஏக் டைப்’ குழு வெளியிட்ட ‘அனேக் தமிழ்’ இன்னும் ஒருபடி மேலே போய், எழுத்தின் அகலத்தையே ஒடுங்கியதிலிருந்து விரிந்தது வரை மாற்ற இடம் தருகிறது. அதன் ஒடுங்கிய ‘ண’ வைப் பெரிதாக்கிப் பார்த்தால் சுழிகள் மூச்சுவிடுவது தெரியும், நெரித்ததல்ல, வரைந்தது. சாய்வைப் பொறுத்தவரை, ‘நோட்டோ செரிப் தமிழ்’ எழுத்துக்குச் சாய்ந்த வடிவம் உண்டு. எமது நாட்டின் எழுத்துரு வடிவமைப்பாளரான தாரிக் அஸீஸ் செய்த ‘கவிவாணர்’ எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தமானது. அது மெல்லிய கோட்டில், வேகமாக எழுதும் தமிழ்க் கை இயல்பாகச் சாயும் சாய்வைப் பிடித்திருக்கிறது. ஆல்டஸ் செய்ததும் அடிப்படையில் இதுவே: கையெழுத்திலிருந்து சாய்வைக் கண்டுகொள்வது. வேகத்தையும் கட்டளையையும் அது காட்டவில்லை. ஓர் ஆள் உட்கார்ந்து எழுதுவதைக் காட்டுகிறது. கவிதைத் தொகுதிகளின் அட்டைக்கு இதையோ இதுபோன்ற ஒன்றையோ பாவித்திருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கிறேன். பெரும்பாலும் நெரித்துச் சாய்த்த தடித்த எழுத்துத்தான் கைக்கு வருகிறது. உம்மாவைப் பற்றிய கவிதைகளுக்கும், இடம்பெயர்ந்த ஊரைப் பற்றிய கவிதைகளுக்கும், காதல் கவிதைகளுக்கும் அதே எழுத்து, அதே சிவப்பு.

உரத்த எழுத்தே கூடாது என்பதல்ல என் வாதம். சுவரொட்டிக்கும் வீதி நாடகத்துக்கும் போராட்டப் பதாகைக்கும் அது வேண்டும். சில நாவல்களுக்கும் வேண்டும். குரூகர் அந்தக் குரலைத் தெரிந்தே எடுத்தார், அது யாருடைய குரல் என்பதையும் அறிந்தே எடுத்தார். எமது அட்டைகளிலோ அது கணனியில் ஏற்கெனவே இருந்ததால் வந்து உட்கார்ந்துகொண்டது. குரூகரைப் போல் தமிழில் ஒரு சுவரொட்டி செய்ய எமது இளம் வடிவமைப்பாளர் யாராவது முன்வந்தால், அவருக்கு முதல் வேலை ‘நாம்’ என்று எழுதுவதா ‘நாங்கள்’ என்று எழுதுவதா எனத் தீர்மானிப்பது. இரண்டாவது, தடித்து ஒடுங்கிச் சாய்ந்த ஒரு ‘ண’ வை, மூன்று சுழியும் தெரியும்படி கையால் வரைவது. அந்த எழுத்துருவை இதுவரை நான் எங்கும் காணவில்லை.